வாரம் ஒரு மணி நேரம், தமிழில்

சம்பளச் சீட்டில் மத்திய சேமநிதிக் கழிவுக்குப் பக்கத்தில் 'சிண்டா' என்று ஒரு சின்ன வரி இருக்கும். சம்பளத்தைப் பொறுத்து மாதம் 1 வெள்ளி முதல் 30 வெள்ளி வரை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் பார்த்து "இது என்ன கழிவு?" என்று கேட்டிருப்போம். "நம்ம பிள்ளைங்க படிப்புக்குப் போகுது" என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சரி, நல்ல காரியம்தான் என்று அத்தோடு மறந்திருப்போம். 1991இல் தொடங்கப்பட்ட சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்துக்கு நம்மில் பலர் செய்யும் ஒரே பங்களிப்பு, வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாலொழிய, மாதாமாதம் தானாகவே நடந்துவிடுகிறது.

பணத்தைத் தானாகக் கழித்துக்கொள்ளலாம். நேரத்தை நாம்தான் எழுந்து போய்க் கொடுக்க வேண்டும். அங்கேதான் பலருக்குச் சிக்கல்.

வானொலியில் வேலை செய்வதால் இரு பக்கத்துக் குரலும் என் காதில் விழுகிறது. நேயர்கள் அழைப்பார்கள். விருப்பப் பாடலைச் சொல்லி, யாருக்கெல்லாம் வாழ்த்து என்று சொல்லி முடித்த பிறகு, சிலர் தயங்கியபடி கேட்பார்கள்: "தொண்டூழியம் செய்யணும்னு ரொம்ப நாளா ஆசை. எங்க போய்ச் சேர்றதுன்னுதான் தெரியலை." சமூக அமைப்புகளிலிருந்து பேட்டிக்கு வருபவர்கள் இன்னொரு பக்கம். ஒலிவாங்கியை அணைத்ததும், ஹெட்போனைக் கழற்றி வைத்துக்கொண்டே, அநேகமாக எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார்கள்: "தமிழ் பேசுற ஆளுங்க யாராச்சும் கிடைச்சா எங்களுக்குச் சொல்லுங்க."

தேடுகிறவர்களும் தேவைப்படுகிறவர்களும் இதே தீவில்தான் இருக்கிறார்கள். கிழக்கிலிருந்து மேற்குக்கு ரயிலில் போனால்கூட ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் தூரம். ஆனாலும் சந்தித்துக்கொள்வதில்லை. ஏன் என்று யோசித்ததிலும், நானே போய்ப் பார்த்ததிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

சனிக்கிழமைக் கூட்டம்

தொண்டூழியம் என்றதும் பலருக்கும் ஒரு படம் மனத்தில் வரும். சனிக்கிழமை காலை, எல்லாருக்கும் ஒரே நிறத்தில் டி-சட்டை, வரிசையாக அரிசி மூட்டைகள், கடைசியில் ஒரு குழுப்படம். அதில் ஒரு குறையும் இல்லை. குடும்பத்தோடு தொடங்க நல்ல வழி அது. 2003இல் தொடங்கிய 'வில்லிங் ஹார்ட்ஸ்' சமையற்கூடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கான உணவுப் பொட்டலங்கள் அங்கிருந்து தீவு முழுதும் போகின்றன. வெங்காயம் உரிக்க, காய் நறுக்க, பொட்டலம் கட்ட, வண்டியில் ஏற்ற என்று எல்லாவற்றுக்கும் தொண்டூழியர்தான். அதைத் தொடங்கிய டோனி டேக்கு 2017இல் மகசேசே விருது கிடைத்தது. அதே 2003இல் தொடங்கிய 'ஃபுட் ஃபிரம் த ஹார்ட்' அமைப்பு, ரொட்டிக் கடைகளில் விற்காமல் மிஞ்சும் ரொட்டியைத் தொண்டூழியர் மூலம் எடுத்துத் தேவையான இடங்களில் சேர்க்கிறது. காடி வைத்திருப்பவர்களுக்கு ஏற்ற வேலை.

இந்த வேலைகளுக்கு மொழி தேவையில்லை, கை இருந்தால் போதும். அதனாலேயே பலரும் முதலில் இங்கேதான் போகிறார்கள். தேசிய தொண்டூழியர், கொடையாளர் நிலையம் நடத்தும் 'கிவிங் எஸ்ஜி' தளத்தில் நான் தேடிய வாரங்களில், வார இறுதிக் காலை இடங்கள் மளமளவென்று நிரம்பின. வாரநாள் முற்பகல் இடங்களோ அப்படியே கிடந்தன.

நான் செய்வது காலை நிகழ்ச்சி. கோழி கூவுமுன் எழுந்து, பத்து மணிவாக்கில் ஒலிப்பதிவுக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிடுவேன். நண்பர்கள் யாரும் அந்த நேரத்தில் சும்மா இருக்க மாட்டார்கள். ஒரு காப்பி குடிக்கக்கூடத் துணை கிடைக்காது. அதே பதினொரு மணியைத்தான் அமைப்புகள் ஆளில்லாமல் வைத்துக்கொண்டு தவிக்கின்றன. முறைவேலை செய்யும் தாதியர், பேருந்து ஓட்டுநர்கள், வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நிற்கும் பெற்றோர் என்று நம்மிடையே பலருக்கு இப்படி ஒரு நேரம் இருக்கிறது. உங்களுக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் ஊருக்கு ஓய்வில்லாத நேரமாக இருந்தால், உங்களைத்தான் அவர்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒரு மாடி, ஒரு மொழி

இப்போது மொழிக்கு வருகிறேன்.

வீவக வீடுகளில் 1989 முதல் இன ஒருங்கிணைப்புக் கொள்கை நடப்பில் உள்ளது. எந்தப் புளோக்கிலும், எந்த அக்கம்பக்கத்திலும் ஓர் இனத்தார் மட்டும் குவிந்துவிடாதபடி உச்சவரம்பு உண்டு. நான் வளர்ந்த மாடியில் நோன்புப் பெருநாளுக்கு ஒரு வீட்டிலிருந்தும் சீனப் புத்தாண்டுக்கு இன்னொரு வீட்டிலிருந்தும் தட்டு வரும். தீபாவளிக்கு அம்மா முறுக்கைப் பொட்டலம் போட்டு எட்டு வீட்டுக்கும் கொடுத்தனுப்புவார். அப்படி வளர்ந்ததில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் எண்ணிக்கையைக் கொஞ்சம் பாருங்கள். சிங்கப்பூர்வாசிகளில் இந்தியர் ஏறக்குறைய 9 விழுக்காடு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. அந்தச் சிறிய எண்ணிக்கை தீவு முழுதும் மாடிக்கு ஒன்று, இரண்டு வீடு என்று பரவியிருக்கிறது. முப்பது வயதில் இது நமக்கு உறைப்பதில்லை. ஆங்கிலம் இருக்கிறது, கைத்தொலைபேசி இருக்கிறது, நினைத்தால் தேக்காவுக்குப் போய்வரலாம். எண்பது வயதில் முழங்கால் ஒத்துழைக்க மறுக்கும்போது, ஒருவரின் உலகம் வீட்டு வாசல் நடைபாதை அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. அந்த நடைபாதையில் தமிழ் பேசும் கதவு இன்னொன்று இல்லாமல் போகலாம்.

மூத்தோருக்கு உதவி இல்லாமல் இல்லை. 60 வயதைத் தாண்டியவர்கள் போய்வர, துடிப்பாக மூப்படையும் நிலையங்கள் வட்டாரத்துக்கு வட்டாரம் இருக்கின்றன. உடற்பயிற்சி, கரவோக்கே, பிங்கோ, சேர்ந்து சாப்பிடுவது என்று ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வெளியே வர இயலாதவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்கும் தோழமைச் சேவையும் உண்டு. 1995இல் தொடங்கிய 'லயன்ஸ் பிஃபிரெண்டர்ஸ்' போன்ற அமைப்புகள் இதை ஆண்டுக்கணக்காகச் செய்து வருகின்றன. ஊழியர்கள் உழைப்பாளிகள். நான் முதலில் போன நிலையத்தில் தமிழ் பேசத் தெரிந்த ஊழியர் ஒருவர்கூட இல்லை, அவ்வளவுதான். அது அவர்கள் குற்றமும் இல்லை.

மைலோ டின்

அந்த நிலையம் என் வீட்டிலிருந்து நடந்தால் எட்டு நிமிடம். பல ஆண்டுகளாகக் கடந்து போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. ஒரு புதன்கிழமை வேலை முடிந்து வரும் வழியில் கதவைத் தட்டி, "தமிழ் பேசுகிற மூத்தோர் யாராவது உங்களிடம் இருக்கிறார்களா?" என்று கேட்டேன். பொறுப்பாளரான சீனப் பெண்மணி எழுந்தே நின்றுவிட்டார். "மூன்று பேர். நீங்கள் எப்போது வர முடியும்?"

அரைநாள் பயிற்சி தந்தார்கள். வாக்குறுதி கொடுக்கக் கூடாது, பணம் கொடுக்கவோ வாங்கவோ கூடாது, படம் எடுக்கக் கூடாது, கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று பல விதிகள். அதனால்தான் இங்கே பெயரோ வட்டாரமோ சொல்லப்போவதில்லை. அந்த மூவரில் எனக்குப் பொறுப்பாக வந்தவரைப் பாட்டி என்றே குறிப்பிடுகிறேன். எழுதலாமா என்று அவரிடமே கேட்டேன். "எழுது. ஆனா என்னைய அழ வச்சு எழுதாத" என்றார்.

பாட்டியைப் பற்றிய கோப்பில் ஒரு வரி இருந்தது: 'நடவடிக்கைகளில் ஆர்வம் இல்லை.' முதல் நாள் நிலைய ஊழியர் ஒருவரோடு போனேன். ஓரறை வாடகை வீடு. வாசலில் நின்று "வணக்கம் பாட்டி" என்றதும் அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. அடுத்த கேள்வி, நம் ஊரில் எந்தப் பாட்டியும் கேட்பதுதான்: "பசியாறிட்டியா?"

ஊடகப் படிப்பில் எங்களுக்குப் பேசத்தான் கற்றுக்கொடுத்தார்கள். வானொலியில் சில விநாடி மௌனம் விழுந்தாலே அதற்கு 'டெட் ஏர்' என்று பெயர், நெஞ்சு பதறும். பாட்டி வீட்டில் அந்தப் பழக்கம் ஒன்றுக்கும் உதவாது. அவர் ஒரு வாக்கியம் சொல்லி, சன்னலைப் பார்த்து, ஒரு நிமிடம் கழித்து மிச்சத்தைச் சொல்வார். அந்த ஒரு நிமிடத்தை நிரப்பாமல் உட்கார்ந்திருப்பதுதான் அங்கே என் வேலை. ஜொகூரில் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தது, இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு நின்றது, மரம் சீவியது, கல்யாணமாகி இங்கே வந்து அலுவலகக் கட்டடங்களில் துப்புரவு வேலை பார்த்தது என்று அன்று நாற்பது நிமிடம் பேசினார். வெளியே வந்ததும் அந்த ஊழியர் சொன்னார்: "ஒரு வருஷமா வர்றேன். இவங்க இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை."

ஆர்வம் இல்லாத கதையும் இரண்டாம் வாரம் தெரிந்துவிட்டது. "கீழ அவ்வளவு நடக்குதே, ஏன் பாட்டி போறதில்ல?" என்று கேட்டேன். "அதுக்கெல்லாம் காசு கட்டணும்ல?" என்றார். இலவசம் என்று அவருக்குப் புரிகிற மொழியில் யாரும் சொன்னதில்லை. அவர்கள் சைகையில் கூப்பிட்டிருக்கிறார்கள், இவர் சிரித்துக் கையை ஆட்டி வேண்டாம் என்றிருக்கிறார். இரு பக்கமும் நல்ல மனசுதான். நடுவில் ஒரு சொல் இல்லாமல் ஓராண்டு போய்விட்டது.

நாலாவது வாரம் ஒரு மைலோ டின்னை எடுத்து முன்னால் வைத்தார். உள்ளே முழுக்கக் கடிதங்கள். எது முக்கியம், எது விளம்பரம் என்று தெரியாததால் வந்ததையெல்லாம் பத்திரப்படுத்தியிருந்தார். பீட்சா கடைத் தள்ளுபடித் தாளும் அதில் இருந்தது, கண் சிகிச்சைக்கான தேதி குறித்த மருத்துவமனைக் கடிதமும் இருந்தது. அந்தத் தேதி இரண்டு மாதத்துக்கு முன்பே கடந்திருந்தது. "கண்ணு மங்கலாத்தான் இருக்கு, வயசாச்சுல்ல" என்று மட்டும்தான் அவர் இதுவரை சொல்லியிருந்தார்.

அதற்குப் பிறகு நான் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. கடிதத்தைப் பொறுப்பாளரிடம் காட்டினேன். அவர் மருத்துவமனையோடு பேசிப் புதுத் தேதி வாங்கினார். நிலையத்தார் கூட்டிப்போனார்கள். என்ன செய்யப்போகிறார்கள் என்பதை முன்கூட்டித் தமிழில் விளக்கியது மட்டும்தான் என் பங்கு. சில வாரம் கழித்துப் போனபோது, கண்புரை எடுத்த கண்ணால் என்னை உற்றுப் பார்த்து, "அடி பாப்பா, உனக்கே நரைச்சிருச்சே" என்றார்.

என் நிகழ்ச்சியைக் கேட்பாரா என்றும் ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். "பாட்டுப் போட்டா கேப்பேன். பேச ஆரம்பிச்சா சத்தத்தக் குறைச்சிருவேன்."

பாட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஒரு மலாய் மாது இருந்தார். மத்தியானம் தவறாமல் கதவோரம் நின்று "சுடா மாக்கான்?" என்று கேட்பார். சமைத்ததில் ஒரு கிண்ணம் கொடுப்பார். பாட்டி தனக்குத் தெரிந்த பசார் மலாயில் பதில் சொல்வார். அந்த நட்பு இல்லையென்றால் பாட்டி என்ன ஆகியிருப்பாரோ தெரியாது. ஆனால் சாப்பிட்டாயா, கால் வலிக்கிறதா, மழை வரப்போகிறது என்பதுதான் அந்த மலாயில் சொல்ல முடிந்தது. இளவயதில் பறிகொடுத்த மகனைப் பற்றி அதில் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்ல அவருக்குத் தமிழ் வேண்டியிருந்தது, தமிழ் தெரிந்த ஒருவர் எதிரில் உட்கார்ந்திருக்கவும் வேண்டியிருந்தது. அதைச் சொல்ல அவருக்கு எட்டு மாதம் ஆனது.

ஆறு சொற்கள்

ஒன்றரை ஆண்டுக்குப் பிறகு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்தார். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்ப முடியவில்லை. தீவின் மறுகோடியில் ஒரு தாதிமை இல்லத்தில் இடம் கிடைத்தது. தோழமைச் சேவை என்பது வட்டாரத்தோடு முடிந்துவிடும். அதன்படி என் வேலையும் முடிந்தது. ஆனால் அவரைப் பார்க்க வருபவர் பட்டியலில் வேறு பெயர் இல்லாததால், இரு அமைப்புகளிடமும் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டு போனேன்.

இரவில் சத்தம் போடுகிறார், ஏன் என்று புரியவில்லை என்றார்கள். பாட்டியிடம் கேட்டேன். "குளிருதுன்னு சொல்றேன், யாருமே கேக்கல" என்றார். கட்டிலுக்கு நேர் மேலே காற்றாடி.

அந்தப் பகுதித் தாதி மியன்மாரைச் சேர்ந்த இளம்பெண். இங்கே அவருக்கும் தாய்மொழி பேசத் துணை குறைவுதான். "அவங்க அடிக்கடி சொல்ற வார்த்தைகளை எனக்கு எழுதிக் கொடுங்களேன்" என்று அவரே கேட்டார். ஒரு தடித்த அட்டையில் ஆறு சொற்களை அவர் வாசிக்கும் எழுத்தில் எழ்தினால் போதும் என்று தோன்றியது. வலி, தண்ணி, பசி, குளிருது, ஒண்ணுக்கு, போதும். பக்கத்தில் பொருள். கட்டில் தலைமாட்டில் ஒட்டினார்கள். பகுதித் தாதி 'வலி'யை 'வாலி' என்றுதான் சொல்வார். பாட்டிக்கு அது போதும். அடுத்தமுறை போனபோது காற்றாடி நின்றிருந்தது, போர்வை இரண்டாகியிருந்தது. "அந்தப் பொண்ணு தமிழ் பேசுது பாப்பா" என்று பாட்டி ரகசியம்போலச் சொன்னார்.

இப்போது இரு வாரத்துக்கு ஒருமுறை போகிறேன். பேருந்தில் ஒரு மணி நேரம். எங்கள் வட்டாரத்து நிலையத்தில் வேறொரு தாத்தாவை வாராவாரம் பார்க்கிறேன்.

தமிழ் தேவைப்படும் வேறு இடங்கள்

மூத்தோரிடம் மட்டும்தான் இந்தத் தேவை என்றில்லை. வேலையிடத்தில் அடிபட்டு, வேலை இழந்து, இழப்பீட்டுக்காகக் காத்திருக்கும் வெளிநாட்டு ஊழியர்களுக்காக 'டிடபிள்யூசி2' அமைப்பு 2008 முதல் லிட்டில் இந்தியாவில் இலவச உணவு வழங்கி வருகிறது. கஃப் ரோடு திட்டம் என்று அதற்குப் பெயர். அங்கே வருபவர்களில் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. சாப்பாட்டுச் சீட்டைப் பதிவதோடு, அவர்கள் சொல்வதைக் கேட்டுக் குறிக்கவும் ஆள் தேவை. 2006இல் தொடங்கிய 'ஹெல்த்சர்வ்' குறைந்த கட்டணத்தில் வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவம் பார்க்கிறது. மருத்துவருக்கும் ஊழியருக்கும் நடுவில் மொழிபெயர்க்கத் தெரிந்தவருக்கு அங்கே மதிப்பு அதிகம்.

மொழிபெயர்க்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல். அவர் சொன்னதை மட்டும் சொல்லுங்கள். நாமாக எதையும் கூட்டவோ, மெருகேற்றவோ, பாவம் என்று குறைக்கவோ கூடாது. "முதுகு சுருக்குனு இழுக்குது" என்று ஒருவர் சொன்னால் அந்தச் 'சுருக்'கையும் மருத்துவரிடம் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். பேச்சைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அதுதான் பெரிய பாடம்.

பிள்ளைகளோடு பழகப் பிடிக்கும் என்றால், சிண்டாவின் வாசிப்புத் திட்டத்திலும் துணைப்பாடத் திட்டங்களிலும் தொண்டூழியருக்கு இடம் உண்டு. தேசிய நூலக வாரியம் 2004இல் தொடங்கிய 'கிட்ஸ்ரீட்', வசதி குறைந்த குடும்பத்துச் சிறுவர்களுக்குக் கதை வாசித்துக் காட்டும் திட்டம். சின்னப் பிள்ளைகள் கையைப் பிடித்து ஆங்கில எழுத்தைக் கூட்டச் சொல்லித் தரும்போது, இடையில் "புரியுதா கண்ணு?" என்று தமிழில் கேட்டால் சில முகங்கள் மலர்வதைப் பார்க்கலாம். தாதிமை இல்லங்களில் விருப்பம் உள்ளவர்களுக்கு, 1948இல் தொடங்கி இன்று யீஷூனில் இல்லம் நடத்தும் ஸ்ரீ நாராயண மிஷன் போன்றவையும் இன, சமய வேறுபாடு இல்லாமல் முதியோரைப் பார்த்துக்கொள்கின்றன.

சேருமுன் சில கேள்விகள்

எந்த அமைப்பு உயர்ந்தது என்று யோசிப்பதைவிட, எது உங்கள் வாரத்துக்குள் அடங்கும் என்று பாருங்கள். என் அனுபவத்தில் நாலு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது தூரம். வீட்டிலிருந்தோ வேலையிடத்திலிருந்தோ நடந்து போகிற தூரம் என்றால், மழை பெய்தாலும் போய்விடுவீர்கள். மூன்று ரயில் மாற வேண்டும் என்றால் நாலாவது வாரம் தலைவலி வந்துவிடும்.

இரண்டாவது காலம். தோழமைச் சேவை, துணைப்பாடம் போன்றவற்றுக்குப் பல அமைப்புகள் குறைந்தது ஆறு மாதம் கேட்கும். அதைக் கெடுபிடி என்று நினைக்காதீர்கள். ஒரு முதியவர் உங்களுக்குப் பழகி, புதன்கிழமை என்றால் கதவைத் திறந்துவைத்துக் காத்திருக்கத் தொடங்கிய பிறகு நீங்கள் வராமல் போனால், போகாமலே இருந்திருக்கலாம். ஆறு மாதம் உறுதியில்லை என்றால் பொட்டலம் கட்டும் வேலையை எடுங்கள். அதுவும் தேவையானதுதான்.

மூன்றாவது பயிற்சி. என்ன சொல்லித் தருவீர்கள், சிக்கல் வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இடம் நல்ல இடம். பதிவுபெற்ற அறநிறுவனமா என்பதையும் அரசாங்கத்தின் அறநிறுவன இணையவாசலில் ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

நாலாவது, மொழித் தேவையை நீங்களே கேளுங்கள். பதிவுப் படிவத்தில் 'தெரிந்த மொழிகள்' என்ற கட்டத்தில் தமிழ் என்று எழுதுவதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒருங்கிணைப்பாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். படிவம் கோப்புக்குள் போய்விடும், சொன்ன சொல் அவர் மனத்தில் நிற்கும்.

இளையர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு தயக்கம் இருக்கிறது: "அக்கா, என் தமிழ் அவ்வளவு நல்லா இருக்காது." பள்ளியில் தாய்மொழிப் பாடத்தோடு நின்றுவிட்டது, வீட்டில் ஆங்கிலம்தான், எழுத்துப் பிழை வரும் என்பார்கள். யாரும் உங்களைச் செய்தி வாசிக்கச் சொல்லவில்லை. பாட்டியின் தமிழில் பாதி மலாய்ச் சொற்கள், இடையிடையே ஹொக்கியனும் வரும். நீங்கள் தப்பாகச் சொன்னால் அவரே திருத்துவார், திருத்துவதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் உண்டு. எங்கள் நிலையத்துக்கு இப்போது வரும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர், ஒரு தாத்தாவிடம் 'ழ'கரம் பழகிக்கொண்டிருக்கிறார். தாத்தா அவரிடம் வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பப் பழகிக்கொண்டிருக்கிறார். யார் யாருக்குத் தொண்டு செய்கிறார்கள் என்று கேட்டால் இருவருமே கையை எதிரில் இருப்பவர் பக்கம் நீட்டுவார்கள்.

ஆகவே இந்த வாரம் ஒன்று செய்து பாருங்கள். உங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் மூத்தோர் நிலையம் எது என்று கண்டுபிடியுங்கள். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போங்கள். "தமிழ் பேசுகிறவர்கள் யாராவது இருக்கிறார்களா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த நிலையத்துக்குப் போங்கள். இருக்கிறார் என்றால், எப்போது வரலாம் என்று கேட்டுவிட்டு, அந்த நாளில் வயிற்றைக் கொஞ்சம் காலியாக வைத்துக்கொண்டு போங்கள். பசியாறிவிட்டேன் என்று சொன்னாலும் விடமாட்டார்கள்.